எட்டாம் சீட்டின் சிங்கம்

எங்கள் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரருக்காக நாற்பதாயிரம் டாரட் சீட்டுக்கட்டு அச்சடித்த வருடத்தில், அதில் எட்டாம் சீட்டில் இருந்த சிங்கம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டு நாற்பதுக்குச் சீட்டைவிட்டு இறங்கி, ரோட்டைக் கடந்து, வாசல் வழியாக ஒழுங்காக உள்ளே போய், அச்சகத்தின் பின்பக்கம் கழிவுக் காகிதம் கொட்டுகிற இடத்தில் படுத்துக்கொண்டது. அச்சகத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை, சொன்னால் அடுத்த வருடம் காலண்டர் தரமாட்டார்கள். நேரத்தை மட்டும் துல்லியமாகச் சொல்ல முடிகிறது, ஏனென்றால் வாசல் காவலர் குருசாமி பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த மனிதர், வருவது சிங்கமே ஆனாலும் நோட்டில் குறிக்காமல் உள்ளே விடமாட்டார்.

சிங்கம் ஏன் இறங்கியது என்று இன்றைக்கும் எங்கள் ஊர் டீக்கடைகளில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அச்சகத்தில் கட்டுச் சேர்த்த பெண்கள் அந்தச் சீட்டுகளை எப்படிப் படித்தார்கள் என்பதுதான், அதிலிருந்துதான் கதை ஆரம்பிக்கிறது.

டாரட் கட்டு நம் ரம்மிச் சீட்டுக்கட்டைப் போல அல்ல. அதில் எழுபத்தெட்டுச் சீட்டு, முதல் இருபத்திரண்டும் பெரிய சீட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு படம், ஒவ்வொரு படத்திலும் யாராவது ஒருவர் ஏதாவது ஒரு சிக்கலில் நின்றுகொண்டிருப்பார். வெட்டி முடித்த சீட்டுகளை ஒரு நீள மேசையைச் சுற்றி எழுபத்தெட்டுக் குவியலாக வைத்துவிடுவார்கள். ஆறு பெண்கள் ஒருவர் பின் ஒருவராக மேசையைச் சுற்றி நடந்தபடி குவியலுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டே போவார்கள், ஒரு சுற்று முடிந்தால் கையில் ஒரு கட்டு இருக்கும். இதற்குச் செட் சேர்ப்பது என்று பெயர். காலை எட்டரைக்கு நடக்க ஆரம்பித்தால் சாயங்காலத்துக்குள் திருத்தங்கலுக்குப் போய்த் திரும்பி மறுபடியும் போகிற தூரம் நடந்திருப்பார்கள், ஆனால் மேசையைத் தாண்டியிருக்கமாட்டார்கள்.

ஒரு சீட்டு முன்னே பின்னே மாறினாலும் கட்டு திரும்பி வந்துவிடும். சீட்டில் இருந்த எண்களோ பழைய சுவர்க்கடிகாரத்தில் இருப்பது மாதிரி கோடும் பெருக்கல் குறியுமாக இருந்தன. அதனால் மேசைக்குத் தலைவியான வேலுத்தாய் முதல் நாளே படத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்து, பெயர்களைக் கோத்து ஒரு கதையாக்கி, நடந்துகொண்டே முணுமுணுக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். மூட்டைக்காரன் கிளம்பினான், கடை பரப்பியவன் பார்த்தான், ரெண்டு தூணுக்கு நடுவே ஒருத்தி, மாசமாயிருக்கிறவ மெத்தையிலே, கல்நாற்காலியில் ராசா, ஆசீர்வாதம் சாமியார், ஜோடி, தேரு, வாயை மூடு, விளக்குத் தாத்தா, சக்கரம், தராசு என்று ஆறு குரலும் ஒரே தாளத்தில் மேசையைச் சுற்றி வரும்போது பக்கத்தில் ஆஃப்செட் மிஷின் ஓட்டுகிறவனின் காலே அதற்குத் தாளம் போட ஆரம்பித்துவிடும்.

மூட்டைக்காரனுக்கு எண் பூஜ்யம், அதனால் 'வாயை மூடு' என்பதுதான் எட்டாம் சீட்டு. வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு பெண், குனிந்து ஒரு சிங்கத்தின் வாயில் இரண்டு கையையும் வைத்திருப்பாள். அவள் சிங்கத்தின் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள் என்பதில் மேசையில் ஒருவருக்கும் சந்தேகமே வரவில்லை. பிறந்ததிலிருந்து அம்மா, அண்ணன், வாத்தியார், மாமியார், ஃபோர்மேன் என்று வரிசையாக அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வாயில் கை வைத்திருக்கிற படத்தைக் காட்டினால் வேறு என்ன தோன்றும்? ஆளுக்கு ஒரு நாளைக்கு இருநூறு சுற்று, சுற்றுக்கு ஒரு 'வாயை மூடு', ஒரு மாதத்துக்கு மேல். கேட்டுக்கொண்டிருந்த சிங்கத்தின் நிலைமையையும் நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மதியம் அரை மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை. எல்லோரும் அச்சகத்துக்கு உள்ளே சாப்பிட, இந்த ஆறு பேர் மட்டும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு எதிரே லாரி எடைமேடையின் தகரக் கூரைக்குக் கீழே போய் உட்காருவார்கள், ஏனென்றால் பஞ்சவர்ணம் அங்கேதான் வருவாள். பஞ்சவர்ணத்தை அச்சகத்துக்குள் விடக் கூடாது என்று உத்தரவு.

பஞ்சவர்ணம் அந்த அச்சகத்தில் கட்டிங் மிஷின் ஓட்டியவள். ஆண்களே ஓட்டுகிற மிஷினை அடம்பிடித்துக் கற்றுக்கொண்டு, ஒரு ரீம் காகிதத்தை நூல் பிசகாமல் வெட்டி, அதில் கொஞ்சம் கர்வமாகவே இருந்தவள். அந்த மிஷினில் இரண்டு பொத்தான் உண்டு. இரண்டு கையாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் கத்தி இறங்கும், கை கத்திக்கு அடியில் போகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. வேலை ஓட வேண்டும் என்று ஃபோர்மேன் தங்கப்பாண்டி ஒரு பொத்தானில் மரச்சக்கை ஒன்றைச் செருகி நிரந்தரமாக அழுத்தி வைத்துவிட்டான். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் கத்தி இறங்கியபோது பஞ்சவர்ணத்தின் வலது கை உள்ளே இருந்தது, இரண்டு விரல் போனது. ஆட்கள் ஓடி வருவதற்குள் தங்கப்பாண்டி சக்கையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அதைப் பார்த்த ஒரே ஆள் வேலுத்தாய். அன்று சாயங்காலம் "வாயை மூடிட்டு வேலையப் பாரு" என்று சொல்லி ஒரு தாளை நீட்டினான், 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதியிருந்ததற்குக் கீழே வேலுத்தாய் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

பஞ்சவர்ணத்துக்கு இது தெரியும். தெரிந்தும் தினமும் வந்து வேலுத்தாயின் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் வாளியிலிருந்து ஒரு துண்டு கருவாடும் எடுத்துக்கொள்வாள். ஒரு வார்த்தை கேட்டதில்லை. வேலுத்தாய்க்கு இதைவிட நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று இருக்கும்.

சீட்டைப் படிக்கலாம் என்று ஆரம்பித்ததும் பஞ்சவர்ணம்தான். கறை விழுந்து ஒதுக்கிய ஒரு கட்டு அவர்கள் கையில் இருந்தது, ஒரு நாளைக்கு ஒரு சீட்டு, அதைக் கைக்குக் கை மாற்றிப் பார்த்து, இது நமக்குத் தெரிந்தவர்களில் யார் என்று ஆளுக்கு ஒரு பெயர் சொல்ல வேண்டும், அதுதான் படிப்பு. குறி சொல்லக் கூடாது என்பது பஞ்சவர்ணத்தின் கண்டிப்பு. தபாலில் ஆங்கில இலக்கியம் படித்த ஜெயக்கொடி, கட்டோடு வரும் சின்னப் புத்தகத்தில் போட்டிருப்பதை வாசித்துச் சொல்வாள், மற்றவர்கள் அதை மரியாதையோடு கேட்டுவிட்டு ஓரமாக வைத்துவிடுவார்கள். கல்நாற்காலி ராசாவைக் காட்டியபோது ஆறு பேரும் ஒரே குரலில் முதலாளி என்றார்கள். தலைகீழாகத் தொங்குகிறவனைக் காட்டியபோது ஜெயக்கொடி, "இது எங்க வீட்டுக்காரர்தான். எல்லாம் கவுந்து கெடக்கும், மூஞ்சியில மட்டும் ஒரு கவலை இருக்காது" என்றாள். இரண்டு தூணுக்கு நடுவே உட்கார்ந்து, மடியில் ஒரு சுருளைப் பாதி மறைத்து வைத்திருக்கிறவளைக் காட்டியபோது, "தெரிஞ்சிருந்தும் சொல்லாம உக்காந்திருக்கா பாரு" என்று யாரோ சொல்லிவிட்டார்கள், அன்றைக்கு வேலுத்தாய் வாளியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

எட்டாம் சீட்டின் முறை ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. "இது எங்க அம்மா", "இது எங்க அத்தை", "இது எங்க ஏழாப்பு டீச்சர்" என்று சீட்டு சுற்றி வந்தது. ஜெயக்கொடி புத்தகத்தைப் பார்த்து, "இந்தச் சீட்டுக்குப் பேரே பலமாம்கா" என்றாள்.

"சரியாத்தான் போட்டிருக்கான்" என்றாள் வேலுத்தாய். "வாயை மூடிட்டு இருக்கதும் ஒரு பலந்தான். அதுக்கும் தெம்பு வேணும்ல."

பஞ்சவர்ணம் அவளை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை முடிவதற்குள் சிங்கம் முதலில் வாலை வெளியே விட்டது, பிறகு பின்னங்கால், பிறகு பிடரி, கடைசியாக அந்த வெள்ளை உடுப்புக்காரியின் கையிலிருந்து முகத்தை மெல்ல உருவிக்கொண்டு இறங்கி, ஜெயக்கொடியின் மோர்ப்பாட்டிலைத் தட்டிவிடாமல் சுற்றிக்கொண்டு நடந்து, எடைமேடைமேல் ஏறியது. எடைமேடைக்காரர் பழக்கதோஷத்தில் நூற்றுத்தொண்ணூறு கிலோ என்று எடைச்சீட்டுக் கிழித்தார். வாசலில் குருசாமி நோட்டை எடுத்துப் பெயர் சிங்கம், நேரம் பன்னிரண்டு நாற்பது என்று எழுதி, 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டார்.

உள்ளே போய்ப் பார்த்தால் மேசைமேல் இருந்த எட்டாம் குவியல் முழுக்கச் சிங்கம் இல்லை. பெட்டியில் போட்டு நாடா ஒட்டி அடுக்கியிருந்த கட்டுகளைப் பிரித்துப் பார்த்தார்கள், அதிலும் இல்லை. நாற்பதாயிரம் சீட்டிலும் அந்தப் பெண் மட்டும் குனிந்து வெறுங்காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்பதாயிரம் சிங்கத்துக்கு ஒரே ஒரு சிங்கம்தானே வந்திருக்கிறது என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்கலாம். அச்சுத்தொழில் தெரிந்த எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை, எத்தனை ஆயிரம் அச்சடித்தாலும் படம் இருக்கிற பிளேட் ஒன்றுதானே.

புதன்கிழமைக்குள் சிங்கம் ஊருக்குப் பழகிவிட்டது. கத்தரித்த காகிதத் துணுக்குகளின் குவியலில் அது வசதியாகப் படுத்திருக்க, காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலைகள் வரிசையாக முளைத்தன. அம்மன் கோவில்காரர்கள் வந்து தங்கள் வாகனமா என்று பார்த்தார்கள், கோவில் கல்சிங்கத்தின் நீளத்தை நூலில் அளந்துகொண்டு வந்து இதன்மேல் பிடித்தார்கள், ஒரு சாண் கூடுதலாக இருந்தது, அதோடு முகமும் வெளிநாட்டு முகமாக இருந்ததால் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வனத்துறையிலிருந்து வந்தவர் தன் பட்டியலில் இந்த மாவட்டத்துக்குச் சிங்கம் கிடையாது என்றும், காகிதத்திலிருந்து வந்ததைக் காட்டிலிருந்து வந்ததாகக் கணக்கில் கொள்ள முடியாது என்றும் சொன்னார். பயந்த பிள்ளைகளுக்குக் கையில் கட்ட உதிர்ந்த பிடரி மயிரைத் தாய்மார்கள் வாங்கிப் போனார்கள். பட்டாசுக் கம்பெனி ஒன்றில் புது வெடியைச் சோதித்த சத்தத்துக்கு ஊர் நாய்கள் எல்லாம் சிதறியபோதும் சிங்கம் காதை மட்டும் ஒருமுறை அசைத்தது.

ஆனால் அது வாயைத் திறக்கவில்லை. டீக்கடைக்காரர் ஒரு குண்டான் பால் அனுப்பினார், கறிக்கடைக்காரர் ஒரு தொடை அனுப்பினார், எல்லாம் அப்படியே இருந்தது. கொட்டாவி விடவில்லை, உறுமவில்லை, நாக்கை நீட்டி மூக்கை நக்கக்கூட இல்லை. உதடு இரண்டும் பசை தடவி ஒட்டியது மாதிரி இருந்தன. விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. வேலுத்தாய் எந்தப் பக்கம் போனாலும் தலையைத் திருப்பி அவளையே பார்த்தது, குருசாமி இதைக் கவனித்து, 'யாரைப் பார்க்க' கட்டத்தில் வேலுத்தாய் என்று எழுதி நிரப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை சரக்கை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி துறைமுகத்துக்கு லாரி கிளம்ப வேண்டும். அதே வெள்ளிக்கிழமை காலையில்தான் பஞ்சவர்ணம் போன விரலுக்கு நஷ்டஈடு கேட்டுக் கொடுத்திருந்த மனுவை விசாரிக்கத் தொழிற்சாலை ஆய்வாளர் வருவதாக இருந்தது. தங்கப்பாண்டி வேலுத்தாயைத் தனியாகக் கூப்பிட்டான்.

"செட் சேத்தது நீ, எட்டாஞ்சீட்டுக்குப் பேரு வச்சதும் நீ. வெள்ளிக்கிழமை சிங்கம் சீட்டுல இருக்கணும். இல்லன்னா மேசைக்கு வேற ஆளு பாத்துக்கிருவோம்" என்றான். போகிறவளைத் திரும்பக் கூப்பிட்டு, "அப்புறம் அந்த ஆபீசரு ஏதாச்சும் கேட்டா, எழுதிக் குடுத்ததத்தான் சொல்லணும். நீ வாயை மூடிட்டு இருந்தா, சிங்கத்துக்குப் பேரு வச்சது நீன்னு மொதலாளிகிட்டச் சொல்லாம நானும் மூடிக்கிருவேன்" என்றான்.

வேலுத்தாய்க்கு அந்த மேசையைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. கணவன் இல்லை, கல்லூரியில் ஒரு மகள், பத்தொன்பது வருடமாகச் சுற்றிய மேசை. அவள் சுபாவமும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். செல்போன் அடித்தாலே நெஞ்சில் கை வைத்துக்கொள்கிறவள், தெருநாய்க்குப் பயந்து இரண்டு தெரு சுற்றி வருகிறவள். அந்த ஆளைத்தான் சிங்கம் பார்க்க வந்திருந்தது.

மேசைப் பெண்களும் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். காலிச் சீட்டைச் சிங்கத்தின் முன்னால் நீட்டிக் காட்டினார்கள். எழுபத்தெட்டுச் சீட்டையும் வரிசையாகத் தரையில் பரப்பினார்கள். கடைசியில் ஆறு பேரும் சிங்கத்தைச் சுற்றி நடந்துகொண்டே கதையைச் சொன்னார்கள், மூட்டைக்காரன் கிளம்பினான், கடை பரப்பியவன் பார்த்தான் என்று, அதுவும் காதைத் தூக்கிக் கேட்டுக்கொண்டே வந்தது. தேர் வரைக்கும் வந்து 'வாயை மூடு' என்றதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது. மூன்று தடவை சொன்னார்கள், மூன்று தடவையும் திருப்பிக்கொண்டது.

வியாழக்கிழமை மதியம் எடைமேடைக் கூரைக்குக் கீழே யாரும் வாளியைத் திறக்கவில்லை. பஞ்சவர்ணம் மட்டும் எட்டாம் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணருகே கொண்டுபோயும் தள்ளிப் பிடித்தும் பார்த்தாள். நூல் பிசகினால் கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு.

"வேலு, இங்க பாரு. சிங்கம் இருந்தவரைக்கும் இவ வெரலு தெரியல, அதோட மூஞ்சி மறைச்சிருந்துச்சு. இப்பப் பாரு."

வேலுத்தாய் பார்த்தாள். மற்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். அந்த வெள்ளை உடுப்புக்காரியின் பத்து விரலும் முதல்முறையாக முழுசாகத் தெரிந்தன. மேல் கையின் விரல்கள் உள்ளே கொக்கி போட்டு மேலே இழுத்துக்கொண்டிருந்தன, கீழ்க் கையின் கட்டைவிரல் உள்ளே போய்க் கீழே அமுக்கிக்கொண்டிருந்தது.

"மூடுறவ கை இப்பிடியா இருக்கும்?" என்றாள் பஞ்சவர்ணம். "மூடுறதுன்னா தாடைக்கு அடியில கை இருக்கணும். நம்ம பிள்ளைக காச முழுங்கிட்டா நாம எப்பிடிக் கை வைப்போம்?" இருக்கிற மூன்று விரலையும் இன்னொரு கையையும் வைத்துக் காற்றில் செய்து காட்டினாள்.

"தெறக்கா" என்றாள் ஜெயக்கொடி. "ஐயோ யக்கா, இவ மூடல. தெறந்துவிடுறா."

ஒரு மாதமாகக் கிட்டத்தட்ட நாற்பதாயிரம் தடவை தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலுத்தாய் பஞ்சவர்ணத்தின் பக்கம் திரும்பினாள். "பஞ்சு, நீ ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?" என்றாள். எட்டு மாதத்தில் அவள் அதைப் பற்றிப் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

"கேட்டா நீ சொல்லிருவ. எனக்காகச் சொன்ன மாதிரி ஆயிரும்" என்றாள் பஞ்சவர்ணம். "நீயாச் சொல்லணும்னு இருந்தேன். சாப்புடு, மணியாச்சு."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு லாரி வந்து நின்றது, ஆய்வாளரும் வந்தார். முன்பக்கக் கூடத்தில் மேசை நாற்காலி போட்டு, முதலாளி ஒரு பக்கமும் தங்கப்பாண்டி ஒரு பக்கமும் நிற்க, ஆய்வாளர் காகிதக்கட்டைப் பிரித்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேலுத்தாய் கூடத்தைத் தாண்டி நேராகப் பின்பக்கம் போனாள். அவளுக்குப் பின்னால் ஐந்து பேர், அவர்களுக்குப் பின்னால் பைண்டிங் பெண்கள், லேமினேஷன் பெண்கள், சுவருக்கு மேலே ஊர். அவளுக்குப் பயமே இல்லை என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள், அது சுத்தப் பொய். பயந்துகொண்டேதான் போனாள், போகிற காலை மட்டும் நிறுத்தவில்லை.

சிங்கத்தின் முன்னால் காகிதத் துணுக்கில் மண்டியிட்டாள். சீட்டுக்காரி மாதிரியே குனிந்தாள். மேல் உதட்டுக்குள் விரலைக் கொக்கி போட்டாள், கீழே கட்டைவிரலை வைத்தாள், "ஆ சொல்லு. ஆ சொல்லுய்யா, ஒண்ணும் ஆகாது" என்றாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்த வாய் பழைய கதவு திறப்பதுபோல நின்று நின்று திறந்தது. உள்ளே நாக்கு காய்ந்து வெளுத்துக் கிடந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

சிங்கம் கர்ஜித்தது. ஒரு மாதம் அடக்கிவைத்ததா, சீட்டு தோன்றிய காலத்திலிருந்து அடக்கிவைத்ததா தெரியவில்லை, அது அடிவயிற்றிலிருந்து கிளம்பி, அவள் முகத்தின்மேல் அடித்து, கூந்தலை அவிழ்த்து, கழிவுக் காகிதம் முழுவதையும் கூரைக்கு மேலே தூக்கி, அச்சகத்து மிஷின்களை நிறுத்தி, தெருவைத் தாண்டி, ஊரில் எந்தெந்தச் சுவரில் காலண்டர் தொங்கியதோ அத்தனையிலும் தாள்களைப் படபடவென்று புரட்டி, ரயில்வே கேட்டில் நின்றவர்களை வண்டி வருகிறது என்று எண்ணவைத்து, திருத்தங்கல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. காகிதத் துணுக்குகள் மழையாக இறங்கி முடிந்தபோது வேலுத்தாய் மட்டும் வெறுங்கையோடு மண்டியிட்டிருந்தாள். மேசையில் எட்டாம் குவியலின் மேல் சீட்டில் சிங்கம் இருந்தது, எல்லாச் சீட்டிலும் இருந்தது, வாயை நன்றாகத் திறந்துகொண்டு இருந்தது. சரக்கை வாங்கியவர் பிற்பாடு எழுதிய கடிதத்தில், மாதிரிக்குக் காட்டியதைவிட வாய் சற்று அகலமாக இருப்பதாகவும், இதுவே நன்றாக இருப்பதாகவும் சொல்லியிருந்தார்.

தங்கப்பாண்டிக்கு முகத்தில் ரத்தம் திரும்பியது. சிங்கம் சீட்டுக்குள் போய்விட்டது, லாரி போகலாம், இனிமேல் எல்லாம் பழையபடிதான் என்று நினைத்துக்கொண்டான். "சரி சரி, பாத்தது போதும். எல்லாரும் போய் வேலையப் பாருங்க" என்றான்.

வேலுத்தாய் அவிழ்ந்த கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு கூடத்துக்கு வந்து ஆய்வாளரின் மேசை முன்னால் நின்றாள். இப்போது அவளுக்கு முன்னாலும் சிங்கம் இல்லை, பின்னாலும் இல்லை.

"சார், அந்தத் தாள்ல கீழ இருக்கது எங் கையெழுத்து. மேல எழுதியிருக்கது பொய்யி" என்றாள். "பொத்தான்ல சக்கை வச்சது இவுக. பஞ்சவர்ணம் கை போனதும் அதப் பிடுங்கிச் சட்டைப்பையில போட்டதும் இவுக. நான் அந்தத் தூணுக்குப் பக்கத்துல நின்னு பாத்தேன். எட்டு மாசமாச் சொல்லல. அது எந் தப்பு, அதையும் எழுதிக்கோங்க."

"ஏய், வாயை மூடு!" என்றான் தங்கப்பாண்டி.

முதலில் ஜெயக்கொடிதான் சிரித்தாள். பிறகு மற்ற மேசைக்காரிகள் நாலு பேரும், பிறகு பைண்டிங், லேமினேஷன், சுவருக்கு மேலே இருந்தவர்கள், லாரி டிரைவர் உட்பட எல்லோரும் சிரித்தோம். அந்த வார்த்தை எங்கள் ஊரில் அன்றைக்கோடு செல்லாமல் போனது. சிரிப்பு அடங்கியபோது கட்டிங்கில் பஞ்சவர்ணத்துக்குப் பதிலாக வேலை பார்க்கும் பையன் தன் மிஷினுக்குப் போய், பொத்தானில் அன்று காலையும் செருகியிருந்த சக்கையைப் பிடுங்கிக்கொண்டு வந்து ஆய்வாளரின் மேசையில் வைத்தான். லேமினேஷனில் இருந்த ஒருத்தி தன் கையில் இருந்த சூட்டுத் தழும்பைக் காட்டிப் பேச ஆரம்பித்தாள். அவள் முடிப்பதற்குள் இன்னொருத்தி ஆரம்பித்தாள். "ஒவ்வொருத்தராச் சொல்லுங்கம்மா, ஒவ்வொருத்தரா" என்று ஆய்வாளர் கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டார், கொண்டுவந்த தாள் தீர்ந்துபோய்விட்டது, ஊரிலேயே அதிகம் காகிதம் இருந்த கட்டடம் அது, பெண்களே ஒரு ரீமைப் பிரித்து முன்னால் வைத்தார்கள். முதலாளி நாற்காலியில் உட்காரவும் முடியாமல் எழுந்திருக்கவும் முடியாமல் இருந்தார்.

வாசலில் குருசாமி, யாரும் சொல்லாமலே, லாரிக்காக மட்டும் திறக்கிற பெரிய கேட்டைத் திறந்தார். ரோட்டுக்கு எதிரே எடைமேடைக் கூரைக்குக் கீழே நின்றிருந்த பஞ்சவர்ணம் ரோட்டைக் கடந்து, அந்தக் கேட்டு வழியாக, எட்டு மாதம் கழித்து உள்ளே வந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. வேலுத்தாய்க்குப் பக்கத்தில் வந்து நின்று, முந்தானைக்குள் மறைத்து வைத்துப் பழகிய வலது கையை எடுத்து, விரித்து, மேசைமேல் வைத்தாள்.

ஆய்வாளர் தலைநிமிர்ந்தார். "நீங்க யாரும்மா?"

"அந்தத் தாள்ல கவனக்குறைவுன்னு எழுதியிருக்குல்ல சார்" என்றாள் பஞ்சவர்ணம். "அது நான்தான்."

ஆய்வாளர் அந்தத் தாளைத் தேடி எடுத்தார், பேனாவை ஊன்றி அந்த வார்த்தையின்மேல் ஒரு கோடு போட்டார், புதுத் தாள் ஒன்றை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றார். அவள் சொல்ல ஆரம்பித்தாள்.